எருமைச் சாணி மனுக்கள்

"சோத்துப் பொட்டலம் குடுக்கறவங்களா நீங்கோ?"

கள்ளிக்குப்பத்தில் ரேஷன் கடை வராந்தாவில் மேஜை போட்டு உட்கார்ந்த முதல் நாள், முதல் ஆளாக வந்தவர் கேட்ட கேள்வி இது. "இல்லைங்க, நாங்க வக்கீல். வெள்ளத்துல பாதிச்சவங்களுக்கு உதவி பண்ண வந்திருக்கோம்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வக்கீலா? யாரு மேல கேஸு போடப் போறீங்கோ? ஏரி மேலயா?"

பின்னால் நின்ற கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கோபமும் வந்தது. எனக்கு எது வந்தாலும் கூடவே கோபமும் வரும். இந்தக் குணத்தோடு எப்படி வக்கீலுக்குப் படித்தாய் என்று கேட்பவர்களிடம், இந்தக் குணம் இருந்ததால்தான் படித்தேன் என்று சொல்வது வழக்கம்.

எண்பதுகளின் நடுவில் ஒரு கார்த்திகை மாதம். ஏரி நிறைந்து, ஒரு விடியற்காலையில் உபரித் தண்ணீர் வழியும் கலங்கலைத் தாண்டி ஊருக்குள் வந்துவிட்டது. மூன்று நாள் இடுப்பளவு தண்ணீர். அப்போது நான் பூந்தமல்லி கோர்ட்டில் ஜூனியராகச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. வீடு அம்பத்தூரில். நாமும் ஏதாவது செய்ய வேண்டும் என்று கோர்ட்டில் எல்லோரும் கூடிப் பேசினார்கள். பேசி முடித்து, "உனக்குத்தான்மா அது பக்கம்" என்று என்னைத் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். கூடவே கோர்ட் டைப்பிஸ்ட் ஒருவரை அனுப்பினார்கள். அவர் டைப் மிஷினை ரெயின்கோட்டில் சுற்றி சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு, தான் தொப்பலாக நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார். கேட்டால், "எனக்கு ஜலதோஷம் புடிச்சா கஷாயம் குடிப்பேன், இதுக்கு யாரும்மா கஷாயம் குடுக்கறது?" என்றார்.

உண்மையைச் சொன்னால், வக்கீலால் அங்கே என்ன ஆகும் என்று எனக்கும் தெரியாது. அரிசி கொடுத்தால் கண்ணுக்குத் தெரியும், பாய் கொடுத்தால் படுத்துக்கொள்ளலாம். நான் என்னத்தைக் கொடுப்பது? மதியத்துக்குள் புரிந்துவிட்டது. தண்ணீர் பாத்திரம் பண்டத்தை மட்டும் கொண்டுபோகவில்லை, காகிதங்களையும் கொண்டுபோயிருந்தது. மார்க் ஷீட் தொலைந்தது என்று பள்ளிக்கூடத்துக்குப் போனால் ரேஷன் கார்டைக் காட்டு என்றார்கள். ரேஷன் கார்டு தொலைந்தது என்று போனால் வேலை செய்யும் இடத்தில் கடிதம் வாங்கி வா என்றார்கள். ஃபேக்டரி வாசலிலோ, அடையாள அட்டை இல்லாமல் உள்ளே விட மாட்டேன் என்றார்கள். அட ராமா! ஒரு காகிதத்துக்கு இன்னொரு காகிதம் கேட்டால், ஒன்றுமே இல்லாதவன் எங்கிருந்து ஆரம்பிப்பான்?

அந்த முதல் காகிதத்தைத்தான் நாங்கள் கொடுத்தோம். இன்னார், இன்ன இடத்தில் இருப்பவர், வெள்ளத்தில் இன்னின்னது போய்விட்டது என்று சத்தியப் பிரமாணம் எழுதி, கையெழுத்து வாங்கி, சாயங்காலம் வரும் நோட்டரியிடம் சீல் போட்டுக் கொடுத்தால் அலுவலகங்கள் அதை ஏற்றுக்கொண்டன. ஆவடி ஃபேக்டரியில் வேலை பார்த்த ஒருத்தர் வந்து, "நான்தான் நான்னு எழுதிக் குடும்மா, கேட்ல ஒத்துக்க மாட்டேன்றான்" என்றார். எழுதிக் கொடுத்தேன். மறுநாள் டூட்டி முடிந்து வந்து, "நான்தான் நானாம், ஒத்துக்கினானுங்கோ" என்று டைப்பிஸ்டின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மூன்றாம் நாளிலிருந்து யாரும் எங்களிடம் சோற்றுப் பொட்டலம் கேட்கவில்லை. சொல்லப்போனால் அவர்கள்தான் எங்களுக்கு டீயும் பொறை ரொட்டியும் கொண்டுவந்து வைத்தார்கள்.

நாலாம் நாள் பால்காரம்மா வந்தார்.

நாற்பத்தைந்து வயசு இருக்கும். புருஷன் போய் வெகுநாளாயிற்று. நாலு எருமை, ஒரு மண் சுவர் வீடு. அந்த வீட்டைத் தண்ணீர் கரைத்துக்கொண்டு போய்விட, மிஞ்சிய தரைமேல் நாலு மூங்கிலை நட்டு ஓலை போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் கையில் ஒரு நோட்டீஸ். ஏரிப் புறம்போக்கில் புதிதாகக் குடிசை போட்டிருப்பதாகத் தெரிகிறது, பத்தாம் நாள் அந்த இடத்திலேயே விசாரணை, நெடுநாளாகக் குடியிருப்பதற்கு ஆதாரம் காட்டாவிட்டால் காலி செய்து வேறு இடத்துக்கு அனுப்பப்படுவார் என்று எழுதியிருந்தது.

"புதுசாமா, புதுசு! கண்ணாலம் கட்டிக்கினு வந்ததுலேர்ந்து அங்கதான் கீறேன். ஊடு புட்டுக்கினு போச்சு, ஓலை புதுசு. எடமும் புதுசா?"

அந்த வேறு இடம், பூந்தமல்லி தாண்டி, இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய தூரம்.

"நா பஸ்ஸுல போவேன். எருமைங்களுக்கு யாரு பாஸ் எடுத்துக் குடுப்பா? நீ குடுப்பியா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் நோட்டீஸை மடிப்பதும் பிரிப்பதுமாகவே இருந்தார். எருமைகள் போனால் பால் போச்சு. பால் போனால் அவருக்கு வேறு என்ன இருக்கிறது? அதைப் பார்த்த பிறகு எனக்கு வீட்டில் சோறு இறங்கவில்லை.

விஷயம் இதுதான். அவர் இருந்தது கிராம நத்தம். ஊர்க்காரர்கள் வீடு கட்டிக் குடியிருக்க என்று காலம்காலமாக விட்டிருக்கும் நிலம். அதற்குப் பெரும்பாலும் பத்திரம் கிடையாது. நெடுங்காலமாக அங்கே குடியிருக்கிறோம் என்று காட்டினால் பட்டா கிடைக்கும். ஆனால் அவர் வீடு நத்தத்தின் கடைசி வீடு. அதைத் தாண்டினால் ஏரி நிலம். எல்லைக் கல் சேற்றுக்குள் எங்கேயோ கிடந்தது. அந்தத் தரையில்தான் அவர் இத்தனை வருஷம் இருந்தார் என்று காட்டியாக வேண்டும். வீட்டு வரி ரசீது இருந்த டிரங்குப் பெட்டி வெள்ளத்தோடு போயிற்று. சரி, அலுவலகத்தில் வரிப் பதிவேடு இருக்குமே என்று போனேன். அது தண்ணீரில் ஊறி, தோசை மாவு மாதிரி ஆகியிருந்தது. ரேஷன் கடைப் பதிவேட்டில் பேர் இருந்தது, ஊர் இருந்தது, கதவு எண் இல்லை. "அவங்க இந்த ஊருதான், யாரு இல்லைன்னா? இந்த எடத்துல இருந்தாங்களான்றதுதான் கேள்வி" என்றார் வருவாய் ஆய்வாளர். அக்கம்பக்கத்தார் நாலு பேரைச் சாட்சிக்குக் கூட்டிப் போனேன். "உங்க எல்லாருக்குமே நோட்டீஸ் போயிருக்கு. ஒருத்தருக்கு ஒருத்தர் சாட்சி சொல்லிக்குவீங்க. எழுத்துல எதாவது கொண்டாங்க" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை, அதனால் எனக்கு இன்னும் எரிச்சலாக வந்தது.

பால்காரம்மா தன் பங்குக்கு ஒரு சாட்சியைக் கொண்டுவந்தார். மேட்டுத் தெருவில் கட்டியிருந்த எருமைகளை ஆய்வாளர் கண்ணெதிரே அவிழ்த்துவிட்டார். நாலும் ஆடி அசைந்து நேராகப் போய், அந்தத் தரையின் பின்பக்கம், தினமும் கட்டும் இடத்திலேயே வரிசையாக நின்றன. "பாத்துக்கினியா சார்? இதுங்க பொய் சொல்லுமா?" என்றார். ஆய்வாளரே சிரித்துவிட்டார். சிரித்துவிட்டு, "எருமைகிட்ட கையெழுத்து வாங்க முடியாதேம்மா" என்று சொல்லி சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

விசாரணைக்கு இரண்டு நாள் இருந்தது. அன்றைக்குக் காலையில் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர் வந்தார். ஆவடி ஃபேக்டரியில் ஸ்டோர்ஸ் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு கள்ளிக்குப்பத்தில் மனை வாங்கி வீடு கட்டியவர். கையில் நாடா போட்டுக் கட்டிய தடி ஃபைல், பரண்மேல் இருந்ததால் நனையாமல் தப்பியது.

"வக்கீலம்மா, ஒரு நஷ்ட ஈட்டு கேஸு போடணும்."

"யார் மேலங்க?"

"பக்கத்து வீட்டு எருமை மேல."

டைப்பிஸ்ட் அடிப்பதை நிறுத்திவிட்டார்.

"எருமை மேல இல்லம்மா, எருமை வச்சிருக்கவ மேல. வெள்ளத்துல அம்புட்டு சாணியும் எங்க வீட்டு நடைக்கு வந்துட்டு. நான் பதினோரு வருஷமா எழுதிக்கிட்டுதான் இருக்கேன். ஒருத்தனும் நடவடிக்கை எடுக்கல. பாருங்க."

ஃபைலைத் திறந்து காட்டினார். ஐயோ, அதை என்னவென்று சொல்ல! வருஷத்துக்கு மூன்று, நாலு மனுக்கள். எல்லாமே கார்பன் காப்பி. ஒவ்வொன்றுக்கும் வரிசை எண், ஒவ்வொன்றிலும் மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு அலுவலக முத்திரை, தேதி. முதல் மனு இப்படித் தொடங்கியது: "ஐயா, எனது வீட்டின் மேற்குச் சுவரிலிருந்து பன்னிரண்டு அடி தூரத்தில், கிராம நத்தத்தின் கடைசி வீட்டில் வசித்துவரும் மேற்படி பெண்மணி, வீட்டின் பின்புறம் எருமைகளைக் கட்டி..." கீழே ஸ்கேல் வைத்துப் போட்ட வரைபடம். அவர் வீடு, அந்தம்மா வீடு, எருமைக் கொட்டகை, சாணிக் குழி, நடுவில் அடிக்கணக்கு, ஓரத்தில் ஏரிக்கரை. ஸ்டோர்ஸில் நட்டு போல்ட்டுக்குக் கணக்கு வைத்த மனுஷன், எருமையைச் சும்மா விடுவாரா?

எனக்குத் தலைகால் புரியவில்லை. பதினோரு வருஷமாக அந்தம்மா அந்தத் தரையில்தான் இருந்தார் என்பதற்கு அளவோடு, படத்தோடு, சர்க்கார் முத்திரையோடு ஆதாரம்! அதுவும் வேண்டாதவர் எழுதியது. வேண்டியவர் ஒத்தாசைக்குச் சொல்லலாம், வேண்டாதவர் எதற்குச் சொல்லப் போகிறார்? எந்தக் கோர்ட்டும் இதை உட்கார்ந்து படிக்கும்.

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். நானாவது, இருப்பதாவது! "சார், இது போதும் சார், அந்தம்மா வீடு தப்பிச்சுது!" என்று கத்திவிட்டேன்.

பெரியவர் முகம் மாறிற்று. நோட்டீஸ் சமாச்சாரத்தை நான் விளக்க விளக்க, ஃபைலை மெதுவாகத் தன் பக்கம் இழுத்தார்.

"அப்போ, இது இல்லைன்னா அவளக் காலி பண்ணிருவாங்க. அப்படித்தானே?"

"ஆமா."

"பதினோரு வருஷமா நான் கேட்டது அதைத்தானேம்மா? சாமியா பாத்து நடத்திக் குடுக்கு. நான் எதுக்குக் குறுக்க வரணும்?"

நாடாவைக் கட்டினார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. நீங்களும் ஒரு மனுஷனா, சாணி நாத்தத்துக்காக ஒரு பொம்பளையைத் தெருவில் விடுவீர்களா என்று, வயசுக்குக்கூட மரியாதை இல்லாமல் கேட்டுவிட்டேன். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார். டைப்பிஸ்ட் என்னைப் பார்த்து, "நல்லா கெடுத்தேம்மா காரியத்தை" என்றார். அவர் சொன்னது சரிதான். அன்று முழுக்க என்னை நானே திட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் பால்காரம்மாவிடம் போய், அவரிடம் நீங்களே ஒரு வார்த்தை கேளுங்கள் என்று கெஞ்சினேன்.

"அந்தாளாண்டயா? மாட்டவே மாட்டேன். ஏழு கெணறு தாண்டிப் போவச் சொல்லு, போறேன். அந்த மதில தாண்டிப் போயி கெஞ்ச மாட்டேன்."

"வீடு போயிடும்மா."

"போனா போவட்டும். இத்தினி வருசம் எம்மேல எழுதினு கீறாரு, நா ஒரு தபா திருப்பிப் பேசிக்கீறனா? இப்ப போயி நின்னா, காரியத்துக்கு வந்தான்னு நெனைக்க மாட்டாரு?"

சொல்லிவிட்டு எருமைகளுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். இரண்டும் இரண்டு கல்லுப்பிள்ளையார். நடுவில் நான் தலையில் அடித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

விசாரணை நாள். ஓலைக் கொட்டகைக்கு எதிரே ஒரு பெஞ்சும் நாற்காலியும் போட்டு தாசில்தார் உட்கார்ந்தார். பக்கத்தில் ஆய்வாளர், கிராம வரைபடத்தோடு. என்னிடம் இருந்தது ரேஷன் கடை விவரமும் என் வாயும்தான். நானும் அரை மணி நேரம் பேசினேன். கரைந்த சுவரின் அடித்தளத்தைக் காட்டினேன், பழைய கிணற்றைக் காட்டினேன். தாசில்தார் நல்ல மனுஷன், பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "எழுத்துல எதுவும் இல்லையே" என்றார்.

"இருக்கு" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

இஸ்திரி போட்ட சட்டை. கையில் அதே ஃபைல். மதிலைச் சுற்றிக்கொண்டு சேற்றில் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி பெரியவர் வந்து நின்றார். எதற்கு வந்திருக்கிறார், புதுசாக இன்னொரு புகார் கொடுக்கவா என்று பயந்துபோனேன். பால்காரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தாசில்தார் ஒவ்வொரு மனுவாகப் படித்தார். பாதியில் அவர் உதட்டோரம் துடித்ததைப் பார்த்தேன். வரைபடத்தை ஆய்வாளரிடம் நீட்டினார். ஆய்வாளர் டேப்பை எடுத்துப் பெரியவர் சுவரிலிருந்து கரைந்த வீட்டின் அடித்தளம் வரை அளந்தார். பன்னிரண்டு அடி. ஓர் அங்குலம் முன்னே பின்னே இல்லை.

"இதெல்லாம் நீங்க எழுதினதா? உண்மைதானா?"

பெரியவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "முப்பத்திரண்டு வருஷம் ஸ்டோர்ஸ்ல இருந்தவன் நான். அளக்காம ஒண்ணும் எழுத மாட்டேன்."

"அப்போ பதினோரு வருஷமா இவங்க இதே எடத்துல இருக்காங்க."

"இருக்காங்க. அதுக்கு முன்னாலயும் இருந்தாங்க. நான் வந்தப்பவே எருமை இருந்துச்சு."

கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். எனக்கு அப்படியே பெரியவர் காலில் விழலாம் போல இருந்தது. ஆனால் ஆய்வாளருக்கு இன்னொரு சந்தேகம். "எல்லாம் சரி சார். இந்தத் தெருவுல ஒவ்வொருத்தரும் ஒரு துண்டுக் காகிதமாவது காப்பாத்தி வச்சிருக்காங்க. இவங்ககிட்ட மட்டும் ஏன் ஒண்ணுமே இல்ல? இருந்திருந்தா எடுத்திருப்பாங்க இல்ல?"

தாசில்தார் பால்காரம்மாவைப் பார்த்தார். அவர் முந்தானையைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தார். இதே கேள்வியை நானும் அவரிடம் ஆறேழு தடவை கேட்டிருந்தேன். கையில் எடுக்கிற தூரத்தில் இருந்த பெட்டியை விட்டுவிட்டு என்னதான் பண்ணிக்கொண்டிருந்தீர்கள் என்று சத்தம்கூடப் போட்டிருந்தேன். "தண்ணி வந்துடுச்சும்மா" என்பதற்கு மேல் அவர் எதுவும் சொன்னதில்லை.

பெரியவர் தொண்டையைச் செருமினார். தாசில்தாரைப் பார்த்தபடியேதான் பேசினார், பக்கத்தில் நின்றவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"தண்ணி வந்த அன்னைக்கு விடியக்காலம் நானும் என் வீட்டுக்காரியும் அசந்து தூங்கிட்டோம். பால் கேனால மதில அடிச்சு எங்கள எழுப்பினது இவங்கதான். என் வீட்டுக்காரிக்கு வாதம், நடக்க முடியாது. எனக்குத் தூக்க வலு கிடையாது. இவங்க மதில் ஏறிக் குதிச்சு வந்து அவளத் தோள்ல போட்டுக்கிட்டு மேட்டுத் தெருவுல கொண்டுபோயி இறக்கினாங்க. திரும்பி வரதுக்குள்ள இவங்க வீடும் போயிட்டு, பெட்டியும் போயிட்டு."

ஆய்வாளர் டேப்பைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார்.

"அப்புறமும் நான் சாணி வந்துட்டுன்னு எழுதிக்கிட்டு இந்த வக்கீலம்மாகிட்ட போயி நின்னேன் சார். கை பழகிட்டு. நேத்து என் வீட்டுக்காரி கேட்டா, என்னையத் தூக்கிட்டுப் போனதை எந்த மனுவுல எழுதப் போறியன்னு. அதான் ஃபைல எடுத்துக்கிட்டு வந்தேன்."

எனக்குக் கண்ணைக் கரித்துக்கொண்டு வந்தது. கட்சிக்காரர் எதிரில் வக்கீல் அழக்கூடாது என்பார்கள். அழுதேன், போங்கள். பால்காரம்மாவோ, "அத்த இன்னாத்துக்கு இப்போ சொல்லிக்கினு..." என்று முந்தானைக்குள்ளேயே முனகினார்.

தாசில்தார் பேனாவைத் திறந்தார். பதினோரு வருஷக் குடியிருப்பு என்பதை மட்டும் எழுதினார். பிறகு தயங்கி, "மத்ததெல்லாம் விசாரணைக்குச் சம்பந்தமில்லையே, பெரியவரே" என்றார்.

"சம்பந்தம் இருக்கு" என்றார் பெரியவர். "இவங்ககிட்ட காகிதம் ஏன் இல்லைன்னு கேட்டியல்லா? அதுக்குப் பதில் இதுதான். எழுதுங்க."

தாசில்தார் குனிந்து, மதில் ஏறிக் குதித்ததிலிருந்து ஆரம்பித்து, ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டார். அந்த ஏட்டின் கடைசியில்தான் பால்காரம்மாவுக்கு அந்த இடத்துக்குப் பட்டா கொடுக்கலாம் என்ற வார்த்தை இருக்கிறது.